டார்ச்சக்காவின் காலி பாட்டில்

திறந்து கிடக்கும் எதையும் பார்த்துக்கொண்டு எங்கள் டார்ச்சக்காவால் சும்மா இருக்க முடியாது. மேஜை இழுப்பறை கொஞ்சம் வெளியே நீட்டியிருந்தால் இடுப்பால் ஓர் இடி கொடுத்துவிட்டுத்தான் நகர்வாள். குழாய், ஜன்னல், பஞ்சு டப்பா, பேனா, யாரோ வாசலில் விட்டுப்போன குடை, எல்லாம் அவள் கைபட்டதும் மூடிக்கொள்ளும். நான் பாதி குடித்து வைத்த டீயை அவள் தட்டு போட்டு மூடி, நான் அதை மறந்து, மறுநாள் காலையில் கண்டெடுத்த கதை வாரத்துக்கு இரண்டு தடவையாவது நடக்கும். அவள் மூடாமல் விட்டுவைக்கிற சாமான் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். நோயாளியின் வாய்.

நான் வாய் டாக்டர். பல் டாக்டர் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். பல்லைச் சுற்றியிருக்கும் மெத்தென்ற இடங்கள்தான் என் தொழில்: கன்னத்தின் உள்பக்கம், உதட்டின் மறுபக்கம், நாக்கு, அண்ணம். அங்கே முளைக்கும் கட்டி, தடிப்பு, வெள்ளைத் திட்டு எல்லாம் என்னவென்று சொல்வதும், வேண்டியிருந்தால் வெட்டி எடுப்பதும் என் வேலை. கண்விழித்துப் படித்தது நான். பெயர் வாங்குவது அவள். மாடிப்படி ஏறும்போதே "டார்ச்சக்கா இருக்காங்களா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். "டாக்டர் இருக்காங்களா?" என்று கேட்டு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களிலும் பாதிப் பேர் மருந்துக் கம்பெனிக்காரர்கள்.

அவள் என்னைவிட எட்டு வயது சின்னவள். ஊரே அக்கா என்று கூப்பிடுவதால் எனக்கும் அக்கா ஆகிவிட்டாள்.

நோயாளி நாற்காலியில் சாய்ந்ததும் இடுப்பில் செருகியிருக்கும் டார்ச்சை உருவுவாள். தலைக்கு மேலே நான் ஆசையாக வாங்கி மாட்டிய பெரிய விளக்கு ஒன்று தொங்குகிறது. அதை அவள் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. "எங்க வலிக்குது?" என்று கேட்பாள். வலது பக்கம் காட்டினால் இடது பக்கத்தில் ஆரம்பிப்பாள். மேல் உதட்டைத் திருப்பி, கீழ் உதட்டைத் திருப்பி, நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து இருபுறமும் சாய்த்து, கன்னத்தை விரித்து, ஊரெல்லாம் சுற்றிவிட்டு வலிக்கிற இடத்துக்குக் கடைசியாகத்தான் வருவாள். "வலிக்கிற இடத்தை நீங்களே பாத்துட்டீங்க. மிச்சத்தைப் பாக்கத்தானே நான் இருக்கேன்" என்பாள்.

வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே பயம்தான். பெயரைச் சொல்ல மாட்டார்கள். "அதுவா இருக்குமோ டாக்டர்?" என்று மட்டும் கேட்பார்கள். பெரும்பாலும் அதுவாக இருக்காது. எதிர்க் கட்டடத்துத் தையல்காரர் உதட்டில் ஒரு உருண்டையோடு வந்து, உயில் எழுதுகிற முகத்தோடு உட்கார்ந்தார். டார்ச்சக்கா அவர் முன்பல்லில் இருந்த சின்ன வெட்டைப் பார்த்தாள். "கத்திரிக்கோல் வெச்சிருக்கீங்கல்ல? அப்புறம் எதுக்கு நூலைப் பல்லால கடிக்கிறீங்க?" என்றாள். நான் உருண்டையை எடுத்தேன். பரிசோதனையிலும் பல் உரசி வந்த தடிப்பு என்றே வந்தது. அவர் நன்றி சொல்லி எங்கள் இருவருக்கும் துணி தைத்துக் கொடுத்தார். அவளுக்குத் தைத்தது பொருந்தியது.

இன்னொரு தடவை ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். இரண்டு கன்னத்தின் உள்பக்கமும் வெள்ளை வெளேரென்று, நனைந்த துணியைக் கசக்கிப் போட்ட மாதிரி மடிப்பு மடிப்பாக இருந்தது. மூன்று டாக்டர்களிடம் போய் மூன்று விதமாகப் பயந்துபோய் வந்திருந்தாள். நான் புத்தகத்தைப் புரட்ட உள்ளே போனேன். அந்த இடைவெளியில் டார்ச்சக்கா கூட வந்த அம்மாவிடம், "நீங்களும் ஒரு ஆ காட்டுங்க" என்றிருக்கிறாள். அம்மாவுக்கும் வெள்ளை. கீழே வண்டிக்குக் காவல் நின்ற மாமாவைக் கூப்பிட்டாள். மாமாவுக்கும் வெள்ளை. மறுநாள் பெரியம்மா, சித்தி என்று ஏழு பேர் வந்து பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து ஆ என்றார்கள். ஆறு பேருக்கு வெள்ளை. ஏழாவது ஆள் அந்த வீட்டு மாப்பிள்ளை. அது பரம்பரையாக வருவது, ஒன்றுமே செய்யாதது, வெகு அபூர்வம். என் வாழ்நாளில் அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. வைத்தியம் என்ன என்று கேட்டார்கள். வீட்டுக்குப் போய் சந்தோஷமாக இருங்கள் என்றேன். வெள்ளையில்லாத மாப்பிள்ளைதான் கொஞ்சம் ஏக்கத்தோடு போனார்.

இப்படி ஊரார் வாயையெல்லாம் பார்த்தவள், தன் வீட்டில் எந்நேரமும் திறந்தே இருக்கிற ஒரு வாயைப் பார்க்காமல் விட்டுவிட்டாள். அது அவள் நாத்தனாரின் வாய்.

நாத்தனார் மொத்த காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவர். விடியற்காலையிலேயே மூட்டைகள் மேல் ஏறி நின்று, "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று அவர் போடுகிற சத்தத்துக்கு மைக் தேவையில்லை. டார்ச்சக்கா வீட்டு மாடியில் குடியிருக்கிறார். சந்தையில் மிச்சமான குரலை வீட்டுக்குக் கொண்டுவந்து தம்பி மனைவிமேல் செலவழிப்பார். அவளும் சளைத்தவள் இல்லை. இருபது வருடமாக இருவரும் பேசிக்கொண்ட பேச்சுக்கு நடுவில் அகப்பட்டு, டார்ச்சக்காவின் கணவர் பேசுவதையே மறந்துவிட்டார். நல்ல மனிதர், தலையாட்டிக்கொண்டு காலம் தள்ளுகிறார்.

சந்தைக்கு விடுமுறையான ஒரு திங்கட்கிழமை காலை, தண்ணீர் டிரம்மை யார் மூடாமல் விட்டது என்று சண்டை. யார் ஆரம்பித்திருப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம். நாத்தனார் தன் பக்க நியாயத்தை முழுத் தொண்டையில் எடுத்துவைத்துக்கொண்டிருந்தபோது சமையலறை ஜன்னல் வழியாக வெயில் நேராக அவர் வாய்க்குள் விழுந்தது. டார்ச்சக்கா பாதி வார்த்தையில் நின்றாள்.

"அண்ணி, அப்படியே இருங்க. வாயை மூடாதீங்க."

இருபது வருடச் சண்டையில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. தோற்றுப்போய்விட்டாள் என்று நினைத்து நாத்தனார் இன்னும் கொஞ்சம் திறந்தார். இடது கன்னத்தின் உள்ளே, கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, இரண்டு பட்டாணி சேர்ந்த அளவில் ஒரு கட்டி இருந்தது. பத்து மணிக்கெல்லாம் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு என் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டாள்.

"எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டேன்.

"இருக்கும், ஒரு நாலு வருஷம்."

"நாலு வருஷமா! ஏன் அண்ணி சொல்லல?" டார்ச்சக்காவின் குரல் கீச்சென்று போனது. "ஒரே வீட்டுல இருக்கோம். இதுதானே என் வேலை? ஏன் சொல்லல?"

"எங்க என்னைப் பேச விடறே நீ?" என்றார் நாத்தனார். இதைக் கேட்டு என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் சிரிக்கவில்லை. கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. நாத்தனாரின் அப்பா, அதாவது அவள் மாமனார், வாயில் புற்று வந்து இறந்துபோனவர். அவள் கல்யாணமாகி வந்த புதிது. எட்டு மாதம் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துவந்து, நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் வாயைத் துடைத்துவிட்டது அந்தச் சின்னப் பெண்தான். நான் அப்போது அங்கே பயிற்சி டாக்டர். வார்டில் விளக்கு சரியில்லை என்று வீட்டிலிருந்து ஒரு டார்ச் கொண்டுவந்திருந்தாள். நான் எங்கே பார்க்க நினைக்கிறேனோ அங்கே எனக்கு முன்னால் அவள் வெளிச்சம் போய் நிற்கும். அவர் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்து, "வேலை ஏதாவது இருக்கா டாக்டர்?" என்று கேட்டாள். பின்னால் நான் சொந்தமாக இடம் பிடித்தபோது முதலில் வந்து சேர்ந்தது அவளும் அந்த டார்ச்சும்தான். பல்பு நாலு முறை மாறியிருக்கிறது, தலைப்பகுதி மாறியிருக்கிறது, அடி மூடியும் மாறியிருக்கிறது. அதே டார்ச்தான் என்று சாதிப்பாள்.

நான் கட்டியைத் தொட்டுப் பார்த்தேன். நாலு வருடம் பல்லுக்கடியில் கடிபட்டு மேல்தோல் வெளுத்துத் தடித்திருந்தது. ஒரு ஓரத்தில் புண். அடியில் மெத்தென்று இருக்கிறதா, கெட்டியா என்று விரலால் சொல்ல முடியவில்லை. பெரும்பாலும் சாதுவாக இருக்கும் என்று என் மனசு சொன்னது. மனசு சொல்வதை நான் நோயாளியிடம் சொல்வதில்லை. "முழுசா எடுத்து, பரிசோதனைக்கு அனுப்பிடலாம். அது என்னன்னு அது வாயாலேயே சொல்லட்டும்" என்றேன்.

மறுநாள் எடுத்தேன். மருந்து ஊசி போட்டதும் நாத்தனாரின் பாதி முகம் மரத்துப்போனது. மற்ற பாதி பயத்தில் பேச ஆரம்பித்தது. பயம் வந்தால் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். கத்தி கன்னத்தில் பட்டதும் "ஒழு தழம்!" என்றார். "பேசாதீங்கம்மா" என்றேன். "ழெண்டு தழம்!" ஒவ்வொரு தரத்துக்கும் கன்னம் என் கையிலிருந்து நழுவியது, ரத்தம் ஊறிக்கொண்டு வந்தது. ஒரு கையால் டார்ச்சக்காவின் இடது கையை அவர் பிடித்த பிடியில் அவளுடைய விரல்கள் நீலமாகிவிட்டன. ஒருவழியாகக் கட்டியை முழுசாக எடுத்து, முன்பக்கம் எது என்று பரிசோதனைக்கூடத்துக்குத் தெரிவதற்காக ஒரு முனையில் கறுப்பு நூலால் முடிச்சுப் போட்டு அவளிடம் நீட்டினேன்.

பரிசோதனைக்கூடத்திலிருந்து அப்போதுதான் புது பாட்டில்கள் கொடுத்திருந்தார்கள். முன்பெல்லாம் கண்ணாடி. இது வெள்ளை பிளாஸ்டிக், உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாது. மூடியின் உள்பக்கம் குழிவாக இருக்கும். "உள்ள இருக்கறது தெரியாத பாட்டில் எதுக்கு டாக்டர்?" என்று வந்த அன்றே அவள் முகம் சுளித்தாள். அந்தப் பாட்டிலில், சதை கெடாமல் வைக்கிற பார்மலின் திரவத்துக்குள், சும்மா இருந்த ஒற்றைக் கையால் கட்டியைப் போட்டாள். போட்ட மறு நொடி மூடினாள். மூடுவதில் அவளை யார் மிஞ்ச முடியும்? ஒரே திருகு, டக். நான் தையல் போட ஆரம்பித்தேன்.

மூன்றாம் நாள் காலை கூடத்திலிருந்து மெழுகண்ணன் கூப்பிட்டார். சதையை மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிக் கொடுப்பவர் அவர். முப்பது வருட அனுபவம். சிரித்தால் சீவல் தடித்துவிடும் என்று நினைக்கிற ஆள்.

"டாக்டர், நீங்க அனுப்பின பாட்டில் காலி."

"காலின்னா?"

"காலின்னா காலிதான். தண்ணி இருக்கு, சதை இல்ல."

"நல்லா பாத்தீங்களா?"

இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. முப்பது வருடத்தில் எத்தனை பாட்டில் பார்த்திருக்கிறார், வலைச் சல்லடையில் எத்தனை முறை வடிகட்டினார், தன்னை இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை என்பதெல்லாம் சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தார்.

டார்ச்சக்காவிடம் சொன்னேன். அவள் முகத்தில் ரத்தம் வற்றியதை அன்றுதான் பார்த்தேன். உடனே தேட ஆரம்பித்தாள். நாற்காலியின் மடிப்பு, வாய் கொப்பளிக்கும் தொட்டியின் குழாய், வடிகட்டி, தட்டு, மேஜைக்கடி, தன் செருப்பின் அடி, என் செருப்பின் அடி. குப்பை அன்றைக்கே போய்விட்டது. எங்கேயும் இல்லை.

எங்கள் தொழிலில் இதைவிடக் கேவலம் கிடையாது. மறுபடி வெட்டிப் பார்க்கலாம் என்றால் கன்னத்தில் மிச்சம் எதுவும் இல்லை. சாதுவான கட்டியாக இருந்தால் கவலையில்லை. அதுவாக இருந்திருந்தால் இன்னும் ஆழமாக வெட்டியாக வேண்டும், அதுவும் சீக்கிரம். எது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியைத் தொலைத்துவிட்டு, திரும்ப முளைக்கிறதா என்று வருடக்கணக்கில் காத்திருக்கச் சொல்ல வேண்டும். யாரிடம்? அப்பாவை அதே வியாதிக்குப் பறிகொடுத்தவரிடம்.

"நானே அண்ணிகிட்ட சொல்லிக்கறேன்" என்றாள்.

மறுநாள் கண் வீங்கி வந்தாள்.

"திட்டினாங்களா?"

"திட்டியிருந்தா தேவலையே டாக்டர். 'போனா போகட்டும் விடு'ன்னு சொல்லிட்டு எனக்குச் சாப்பாடு போட்டாங்க. நான் கையலம்பறதுக்குள்ள தட்டைக் கழுவி வெச்சுட்டாங்க." மூக்கை உறிஞ்சினாள். "எனக்குப் பயமா இருக்கு."

எனக்கும் பயமாக இருந்தது. அந்த அம்மாள் திட்டவில்லை என்றால் விஷயம் பெரிசுதான்.

அவள் டார்ச்சை எடுத்து இடுப்பில் செருகினாள். "அது என் கையால உள்ள போச்சு. என் கண்ணால பாத்தேன். வாங்க, போய்ப் பாக்கலாம்" என்றாள். பெஞ்சில் மூன்று நோயாளிகள் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவரிடம் அறையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். சொந்தமாக இடம் பிடித்த பதினாறு வருடத்தில் நான் செய்த பொறுப்பில்லாத காரியம் அது ஒன்றுதான். இப்போதும் வருத்தமில்லை.

பரிசோதனைக்கூடம் இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடியில். மின்தூக்கியில் 'பழுது' என்று அட்டை. அட்டையே பழசாகி மஞ்சளடித்திருந்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. மெழுகண்ணன் சட்டத்தைப் படித்துக் காட்டுகிற தோரணையில் அலமாரியைத் திறந்தார். காலியாக வந்த பாட்டிலைக்கூட ஒரு வாரம் பத்திரமாக வைப்பது அவர் வழக்கம்.

"பாத்துக்கோங்க. அன்னிக்கு எப்படிச் செஞ்சேனோ அப்படியே செஞ்சு காட்டறேன்."

மூடியைத் திருகி எடுத்தார். மேஜையில் கவிழ்த்து வைத்தார். பாட்டிலைச் சாய்த்துத் திரவத்தைச் சல்லடை வழியாக ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றினார். சல்லடையில் ஒன்றுமில்லை. பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டு தட்டினார். ஒன்றுமில்லை. "இப்ப சொல்லுங்க, யார் மேல தப்பு?" என்று என்னைப் பார்த்தார். நான் ஏறி வந்த படிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பாட்டில் மேஜையில் திறந்தபடி நின்றது.

டார்ச்சக்கா அழுதுகொண்டுதான் இருந்தாள். ஆனால் கை என்ன செய்யும்? அதுபாட்டுக்கு நீண்டு மூடியை எடுத்தது, பாட்டிலின் வாய்க்குக் கொண்டுபோனது. பாதி வழியில் நின்றது.

மூடியின் திருகு மரையில் ஒரு கறுப்பு நூல் சிக்கியிருந்தது.

அவள் மூடியைத் திருப்பினாள். டார்ச்சை உருவினாள். "ஆ காட்டு" என்றாள். சத்தியமாக, மூடியிடம் அப்படித்தான் சொன்னாள். குழிவுக்குள் வெளிச்சம் பாய்ந்தது. உள்ளே, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, நாங்கள் குழாயெல்லாம் கழற்றித் தேடிய கட்டி சுகமாக உட்கார்ந்திருந்தது.

மெழுகண்ணனின் வாய் திறந்தது. முப்பது வருடத்தில் பாட்டிலுக்குள்தான் பார்த்திருக்கிறார், மூடிக்குள் பார்த்ததில்லை. கண்ணாடிப் பாட்டில் காலத்து மூடியில் குழியே கிடையாது. "நூல் மாட்டிக்கிச்சு போல" என்றார் மெதுவாக.

"நான் அவசரமா மூடினதுல மாட்டிக்கிச்சு" என்று டார்ச்சக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "எல்லாத்தையும் மூடற கை, என் கை!"

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "இரு, இரு" என்றேன். "நூல் மாட்டணும்னா முதல்ல அது மேல வந்திருக்கணுமே? பாட்டில்ல கழுத்து வரைக்கும் திரவம். சதைன்னா அடியிலதானே போய்க் கிடக்கும்?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சதை மூழ்கும். எங்களில் யாருக்கும் அது தெரியாததில்லை. வாயிலிருந்து எடுத்ததில் மேலே வந்து மிதக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான், அதுவும் சாதுவானது.

"போடு" என்றேன்.

அவள் நூலை மரையிலிருந்து பதமாகப் பிரித்தாள். இடுக்கியால் கட்டியை எடுத்துக் குவளைக்கு மேலே பிடித்தாள். விட்டாள்.

அது உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது. அந்த அரை நொடியில் நான் கும்பிடாத சாமி இல்லை. நடுவில் நின்றது, யோசித்தது, புளுக்கென்று மேலே வந்தது. வந்து மிதந்தது. நூலை வால் மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு ஆனந்தமாக மிதந்தது.

மெழுகண்ணன் கண்ணாடிக் குச்சியால் அதைக் கீழே அழுத்தினார். விட்டதும் புளுக். "எனக்கு" என்று நான் குச்சியைப் பிடுங்கி அழுத்தினேன். புளுக். டார்ச்சக்கா அழுத்தினாள். புளுக். படித்தவர்கள், வயதானவர்கள், பொறுப்பானவர்கள் மூன்று பேர் ஒரு குவளையைச் சுற்றி நின்று என் முறை உன் முறை என்று சண்டை போட்டோம். சத்தம் கேட்டுக் கூடத்து டாக்டரம்மா உள்ளறையிலிருந்து கோபமாக வந்தார். "இது என்ன ஆய்வுக்கூடமா, குளமா?" என்றார். குவளையைப் பார்த்தார். குச்சியை வாங்கி அவரும் ஒரு தரம் அழுத்தினார். இன்னொரு தரமும்.

பிறகு அதைத் தட்டில் எடுத்து நீளவாக்கில் கத்தியால் பிளந்தார். வெளியே வெள்ளைத் தோல், கடிபட்ட தழும்பு. உள்ளே வெண்ணெய் நிறத்தில் மஞ்சள். வெட்டிய அன்றே நான் பார்த்திருக்க வேண்டிய மஞ்சள். ரத்தத்துக்கும் ஏலத்துக்கும் நடுவில் கோட்டை விட்டிருக்கிறேன்.

"கொழுப்புக் கட்டி. வாய்க்குள்ள அபூர்வமாத்தான் வரும். எடுத்தாச்சுன்னா கதை முடிஞ்சுது" என்றார் டாக்டரம்மா. "தொண்ணூத்தொம்பது பங்கு நான் இப்பவே சொல்றேன். மிச்ச ஒரு பங்குக்கு நாலு நாள்ல பேப்பர் தர்றேன்."

நாலாம் நாள் வந்த காகிதத்திலும் அதேதான் இருந்தது. அதுவரை காத்திருந்து சொல்வதுதான் முறை. பதினாறு வருடமாக நான் எல்லாருக்கும் போதிக்கிற முறை. ஆனால் அந்தக் குவளையின் முன்னால் நின்றபோது என் வாயிலிருந்து வந்தது வேறு: "போன் போடு அக்கா, அண்ணிக்கு முதல்ல போன் போடு!"

மெழுகண்ணன் தொண்டையைச் செருமினார். "அப்ப அந்தம்மாவுக்கு வாய்க்கொழுப்புன்னு..." என்று ஆரம்பித்தார். முப்பது வருடத்தில் அவர் சொன்ன முதல் பகடி. முடிக்கவிடாமல் நாங்கள் சிரித்த சிரிப்பில் டாக்டரம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

டார்ச்சக்கா போனை ஒலிபெருக்கியில் போட்டுக் கூப்பிட்டாள். மறுமுனையில் முதலில் சந்தை கேட்டது. மூட்டை இறங்குகிற சத்தம், கைவண்டிச் சக்கரம், எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு பக்கக் கன்னத்தில் தையலோடு, அந்தக் குரல். பேச வேண்டாம் என்று நான் சொல்லி அனுப்பியதன் லட்சணம் இது.

"முட்டைக்கோஸ் ஒரு தரம்! ரெண்டு தரம்! சொல்லுடி, ஏலத்துல இருக்கேன்."

"அண்ணி, கிடைச்சிருச்சு! மிதக்குது அண்ணி!"

"என்னடி மிதக்குது?"

"உங்க கட்டி! மூடிக்குள்ள இருந்துச்சு. மிதந்தா கொழுப்பு. கொழுப்புன்னா ஒண்ணுமே இல்ல. டாக்டரம்மா வெட்டியே பாத்துட்டாங்க." போனை வாய்க்கருகே இழுத்துக்கொண்டாள். "அப்பாவுக்கு வந்தது இல்ல அண்ணி. அது இல்ல."

மறுமுனையில் ஏலம் நின்றது.

அந்த அம்மாள் ஏலத்தின் நடுவில் பேச்சை நிறுத்தியதை அந்தச் சந்தை பார்த்ததில்லை போலிருக்கிறது. கைவண்டி நின்றது. யாரோ "அம்மா, மூணாவது தரம்?" என்று கேட்டார்கள். இன்னொருவர் "என்னாச்சும்மா?" என்றார்.

"அண்ணி? இருக்கீங்களா?"

"இருக்கேன்." இது வேறு குரல். இவ்வளவு சின்னதாக அவருக்கு ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது. "ஏன் சொல்லலன்னு கேட்டியே அன்னிக்கு."

"ஆமா."

"அப்பா வாயைத் துடைச்சுத் துடைச்சு எட்டு மாசம் உனக்குச் சாப்பாடு இறங்கல. கல்யாணமாகி வந்த பொண்ணு நீ. பெத்த பொண்ணு நான் வாசப்படியிலேயே நின்னேன், கிட்ட வரத் தைரியமில்லாம. மறுபடியும் ஒரு வாயை உன் கையில குடுக்க எனக்கு மனசு வரலடி. அதான்."

டார்ச்சக்கா வாயைத் திறந்தாள். இருபது வருடமாக நாத்தனாருக்குச் சுடச்சுடப் பதில் சொன்ன வாயில் ஒரு சொல் வரவில்லை. பட்டப்பகலில் அவள் கையில் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. மெழுகண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

"அம்மா! முட்டைக்கோஸ் வாடுது!" என்று சந்தையில் யாரோ கத்தினார்கள்.

"மூணு தரம்!" மேஜைமேல் இருந்த குவளை அதிர்கிற அளவுக்கு ஒரு சத்தம். "யாருக்கு விட்டேன்னே தெரியல. எல்லாம் உன்னாலதான். போனை வைடி!"

அவள் வைக்கவில்லை. போனைக் கையில் பிடித்தபடி, மூட்டை விழுகிற சத்தத்தையும் அடுத்த ஏலம் ஆரம்பிப்பதையும் கேட்டுக்கொண்டு நின்றாள். பாட்டில் திறந்து கிடந்தது. அலமாரி திறந்து கிடந்தது. கடைசியில் மெழுகண்ணன்தான் இரண்டையும் மூடினார்.